ஒரு முழச் சங்கிலி

போடிநாயக்கனூரிலிருந்து போடி மெட்டு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே ஜீப்புகள் அவ்வழியே கேரள எல்லையைக் கடக்கும், மாலையில் திரும்பும். அவற்றுள் ஒன்று என் தாய்மாமனுடையது. சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, சாரலில் இறங்கி வருகையில், அவ்வண்டியின் கிளட்சு மிதி பாரமற்றுப் போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. கால் அழுத்துகிறது, எஞ்சினோ சக்கரத்தை விடவில்லை. மாமா பிரேக்கை மிதித்து, எஞ்சினை அணைத்து, வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். வண்டியிலிருந்த ஒன்பது பெண்களும் இறங்கி நடந்தார்கள். முறிந்தது என்னவென்று பார்த்தால், விரல் நீளமுள்ள ஓர் ஆணி!

அந்த ஆணி ஏன் முறிந்தது என்னும் கேள்வி, விடுமுறை முடிந்து ஈஜிபுராவிலுள்ள என் அறைக்குத் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. அதற்கு விடை தேடியதில் பிறந்ததே இக்கட்டுரை. பௌதிகம் படிப்பவன் பட்டறை வேலையைப் பற்றி எழுதலாமா என்று மன்றத் தோழர்கள் கேட்கக்கூடும். நெம்புகோலும் உராய்வும் பட்டறையில்தானே முதலில் பிறந்தன!

கிளட்சு என்பது எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குத் தருவதும் தடுப்பதுமான உறுப்பு. (அதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேடித் தோழர் ஒருவர் இரண்டு நாள் அலைந்தார். பட்டறையில் கிளட்சு என்றால்தான் ஸ்பானர் கைக்கு வருகிறது. ஆகவே அப்படியே விட்டுவிட்டேன்.) வலிய வில்கள் ஒரு தட்டை எஞ்சினின் சுழற்சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். மிதியை அழுத்தினால் ஒரு கவை அசைந்து, பேரிங் ஒன்றை முன்னே தள்ளி, அந்தப் பிடியைத் தளர்த்தும். இதில் நாம் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று: மிதி இருப்பது வண்டியின் அடிச்சட்டத்தில், கவை இருப்பது எஞ்சினோடு சேர்ந்த உறையில். எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடிக்கொண்டே இருப்பது. ஆடாத ஒன்றையும் ஆடுகின்ற ஒன்றையும் இணைப்பது எப்படி?

மாமாவின் வண்டி, வில்லிஸ் நிறுவனம் 1953-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சி.ஜே.3பி என்னும் மாதிரியில் மகிந்திராவினர் இங்கே கட்டியது. உயரமான எஞ்சினுக்கு இடம் விடுவதற்காக முகப்பைத் தூக்கிக் கட்டிய ஜீப் என்றால் பலருக்கும் நினைவு வரும். அதன் பழைய இணைப்பில், அடிச்சட்டத்திற்கும் எஞ்சின் உறைக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழல் உண்டு. இரு முனையிலும் உருண்டை மூட்டுகள் இருப்பதால், எஞ்சின் ஓரளவு ஆடினாலும் குழல் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. மாமாவுக்கு முன் அவ்வண்டியை வைத்திருந்தவர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தினார். மலைநாட்டுப் பழைய ஜீப்புகள் பலவற்றின் கதையும் இதுதான். புது எஞ்சின் சற்று முன்தள்ளி அமர்ந்தது, குலுக்கமும் மிகுந்தது. குழலை வெட்டி ஒட்டி, கம்பியை வளைத்து, எப்படியோ இணைத்துவிட்டார்கள். கோணலாக இழுபட்ட மூட்டுகள் தேய்ந்தன. ஆணி முறிந்தது அதன் குற்றமன்று.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இணைப்பு முதல் வழி. இன்றைய கார்கள் பலவற்றில் இருப்பது அதுவே, மிக நல்லது. ஆனால் மலைமேல் அதன் ரப்பர் வளையம் ஒழுகத் தொடங்கினால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. உறைக்குள் ஓடும் கம்பிவடம் இரண்டாவது. அதன் இழைகள் உறைக்குள்ளேயே ஒவ்வொன்றாக அறும். அறுவது கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது, சங்கிலி. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்ததுதான் நம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடுகிறது. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அறுந்தாலும் போடியில் எந்தச் சைக்கிள் கடையிலும் செயின் லாக் கிடைக்கும். மாமாவைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கடைசிக் காரணம் ஒன்றுதான்.

ஈஜிபுராவில், 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்த மேம்பாலத்தின் தூண்களுக்கு அருகே, சந்தில் ஒரு கடைசல் பட்டறை உண்டு. அதன் உரிமையாளர் ஆரணிப் பக்கத்தவர். என் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்டார்: “தம்பி, சங்கிலி இழுக்கும், தள்ளாது. திரும்பி வர்றதுக்கு என்ன வெச்சிருக்கீங்க?” படத்தில் நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. கவையை முன்னோக்கி இழுக்க ஒரு சுருள்வில் வேண்டும். அது சங்கிலியை எப்போதும் இறுக்கமாக வைத்திருக்கும். இல்லையேல் மிதி மேலெழும்போது சங்கிலி தொய்ந்து உருளையிலிருந்து நழுவிவிடும்.

இனிக் கணக்கு. மிதியின் மேற்கை 300 மி.மீ., கீழ்க்கை 50 மி.மீ.; ஆகவே விசை 6 மடங்கு பெருகும். பொதுவாகக் கால் தரும் 15 கிலோ அழுத்தம் சங்கிலியில் 90 கிலோ இழுப்பாகிறது. பதற்றத்தில் ஒருவர் 50 கிலோ விசையோடு மிதித்தால் 300 கிலோ. சைக்கிள் சங்கிலி ஏறத்தாழ 800 கிலோ வரை தாங்கும். அது போதும்போல் தோன்றும். ஆனால் சேறும் துருவும் சேர்ந்தால் அந்த எண்ணை நம்புவதற்கில்லை. 428 எண்ணுள்ள மோட்டார் சைக்கிள் சங்கிலி அதைப்போல் இரு மடங்கு தாங்கும். அதன் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். 36 கண்ணிகள் எனக்குத் தேவைப்பட்டன. 18 அங்குலம், சரியாக ஒரு முழம்! ஜே.சி. சாலையில் அதை வாங்கினேன். முழம்போட்டு விற்கும் வழக்கம் பூவுக்குத்தான் உண்டுபோலும்; முழுச் சங்கிலியாகத்தான் வாங்க நேர்ந்தது.

சங்கிலி மிதிக்கையிலிருந்து முன்னும் உள்ளுமாகச் சென்று, அடிச்சட்டத்தில் பூட்டிய ஓர் உருளையில் 40 பாகை திரும்பி, நேராகக் கவையை அடைகிறது. உருளைக்குப் பல் தேவையில்லை; சங்கிலி நகர்வதே 25 மி.மீ. தான். 60 மி.மீ. விட்டத்தில் கடைந்து, நடுவில் 7 மி.மீ. அகலத்தில் ஒரு மேடு விட்டோம். சங்கிலியின் உள்ளகலம் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆதலால் மேட்டின் மேல் சங்கிலியின் குழல்கள் அமரும். பக்கத் தகடுகள் மேட்டை இருபுறமும் அணைத்து, சங்கிலியை விலகாமல் காக்கும். 300 கிலோ இழுப்பில், இத்திருப்பத்தினால் உருளைமேல் விழும் சுமை 205 கிலோ. ஆகவே அதன் தாங்கியை மெல்லிய பட்டையில் செய்யக்கூடாது.

இவ்வேலையின் உயிர்நிலை உருளைக்கும் கவைக்கும் இடையே உள்ள 180 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. எஞ்சின் தன் நெடுக்கு அச்சைச் சுற்றி ஆடும்போது கவையின் முனை மேலும் கீழும் அசையும். சங்கிலியோ முன்பின்னாக ஓடுகிறது. அசைவு சங்கிலிக்குச் செங்குத்து. 6 மி.மீ. அசைந்தால் சங்கிலிக்கு எவ்வளவு நீளம் வேண்டியிருக்கும்? பிதாகொரஸ் தேற்றப்படி, 6-இன் வர்க்கத்தை 180-இன் இருமடங்கால் வகுத்தால் போதும்: 36-ஐ 360-ஆல் வகுக்க, 0.1 மி.மீ.! அதே 6 மி.மீ. சங்கிலி ஓடும் திசையிலேயே நேர்ந்தால் முழு 6 மி.மீ.யும் குறையும், மிதியில் அது 36 மி.மீ. ஆகிவிடும். சங்கிலியை எத்திசையில் ஓட்டுகிறோம் என்பதில்தான் வெற்றி இருக்கிறது. முன்பின் அசைவைத் தடுக்க எஞ்சினுக்கும் குறுக்குச் சட்டத்திற்கும் இடையே ஒரு தாங்குகம்பியும் பூட்டினோம். பழைய வில்லிஸ் வண்டிகளில் அத்தகைய கம்பி முன்னமே இருந்தது. எஞ்சினை மாற்றியபோது கழற்றியிருக்க வேண்டும்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குச் சென்று பொருத்தினேன். ஒன்பதாம் நாள் மாமா தொலைபேசியில் அழைத்தார்: “மாப்ளே, உன் சங்கிலி கிறீச்சுன்னு கத்துது.” படம் அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கத் தகட்டில் மயிரிழை போன்ற விரிசல்! நல்லவேளையாக அன்று வண்டி மலையேறவில்லை. பொருத்துவதற்கு எளிது என்று உருளையைப் படுக்கை மட்டத்தில் வைத்திருந்தேன். மிதிக்கையோ கவையைவிட 20 மி.மீ. உயரத்தில் இருந்தது. சங்கிலி ஒரு தளத்தில்தான் மடியும். பக்கவாட்டில் வளைத்தால் முறியும். ஒரு புள்ளியில் கூடும் இரு கோடுகள் ஒரு தளத்தில் அடங்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். சங்கிலியின் இரு பகுதிகளும் அடங்கும் அந்தத் தளத்திற்கு உருளையின் அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும். அவ்வளவுதான். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவன், வண்டியின் அடியில் படுத்தபோது மறந்துவிட்டேன்.

தாங்கியைச் சரித்து வேறு செய்தோம். முனைகளில் சங்கிலியின் ஆணிகள் உருளை அச்சுக்கு இணையாக நிற்கும்படி, முறுக்கிய பட்டைகளைச் சேர்த்தோம். சங்கிலியில் நேராக வெல்டிங் வைக்கக்கூடாது. சூடு பட்டால் அதன் எஃகு பதம் இழக்கும். கவைப் பக்கம் மரையிட்ட கம்பியும் இரட்டை நட்டும் உண்டு. மிதியில் 25 மி.மீ. வெற்றசைவு இருக்கும்படி அதைத் திருகி வைக்க வேண்டும். வெற்றசைவு இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் உரசிக் கருகும். மிகுந்தால் கியர் கரகரக்கும்.

இரண்டாம் முறை பொருத்தி மூன்று மாதமாகிறது. வெற்றசைவு 25-லிருந்து 31 மி.மீ. ஆகியிருப்பதாக மாமா அளந்து சொன்னார். சங்கிலியிலும் மூட்டுகளிலும் சேர்த்து 1 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று பொருள். நட்டை ஒரு சுற்றுக்குக் குறைவாகத் திருகினால் சரியாகிவிடும். செயின் லாக்கின் கிளிப்பு சேற்றில் தெறித்துவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறது. மாற்று லாக்குகள் இரண்டு, சாவிக்கொத்தோடு தொங்குகின்றன.