காரியத்தைச் சொல்லிக் கேளுங்கள்: தெரியாதவரிடம் விவரம் கேட்க ஒரு வழிகாட்டி

பூதப்பாண்டி தாலுகா ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் ஒரு பையனைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் ஃபைல், முதுகோடு ஒட்டிய சட்டை. மணி ஒன்றரை இருக்கும். "அண்ணாச்சி, தோவாளை தாலுகா ஆபீஸ் இதுதானா?" என்றான். ஆமாம் என்றதும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

காலை ஒன்பதரைக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று, "தோவாளைக்கு எந்த வண்டி?" என்று கேட்டிருக்கிறான். ஆரல்வாய்மொழி வண்டியைக் காட்டியிருக்கிறார்கள். இறங்கினால் பூச்சந்தை இருக்கிறது, ஆபீஸ் இல்லை. தாலுகாவுக்குப் பெயர்தான் தோவாளை. ஆபீஸ் இருப்பது பூதப்பாண்டியில்.

அவனுக்கு யாரும் தப்பாகச் சொல்லவில்லை. அவன் கேட்ட தோவாளைக்குச் சரியான வண்டியைத்தான் காட்டினார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய தாலுகாக்கள் நாலுமே இப்படித்தான்: அகஸ்தீஸ்வரம் தாலுகாவுக்குத் தலைமையிடம் நாகர்கோவில், கல்குளத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை, தோவாளைக்குப் பூதப்பாண்டி. உள்ளூர்க்காரர்களுக்கு இது மூச்சு விடுவதுபோலத் தெரியும். அதனாலேயே யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். "தோவாளை தாலுகா ஆபீஸில் ஒரு வேலை, எங்கே போகணும்?" என்று மட்டும் அவன் கேட்டிருந்தால் அரைநாள் மிஞ்சியிருக்கும்.

சின்னக் கேள்விதானே என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அந்தச் சின்னக் கேள்வியில்தான் இருக்கின்றன. அதை எப்படிக் கேட்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. இடத்தைக் கேட்காதீர்கள், காரியத்தைச் சொல்லுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன், வந்த காரியத்தை ஒரே வரியில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். "ஜெராக்ஸ் கடை எங்கே?" என்றால் கடையைக் காட்டுவார்கள். "ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸில் கொடுக்கணும்" என்றால், "அதுக்கு ஆதாரும் கேப்பாங்க, ரெண்டையும் சேத்து எடுத்துக்கிடுங்க" என்று கேட்காததும் சேர்ந்து வரும். "பஸ் ஸ்டாண்டு எங்கே?" என்று நாகர்கோவிலில் கேட்டால், வடசேரியா மீனாட்சிபுரமா என்று திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் அங்கே இரண்டு உண்டு. "பூதப்பாண்டி போகணும், எங்க நின்னா வண்டி கிடைக்கும்?" என்று கேட்டால் குழப்பமே இல்லை.

2. போய்வந்தவரைத் தேடுங்கள்

அருகில் நிற்பவரிடம் கேட்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். விவரம் தெரிந்தவர் பெரும்பாலும் பத்தடி தள்ளி இருப்பார். கோயில் நடை எப்போது திறக்கும் என்பதைப் பூதப்பாண்டி பூதலிங்கசுவாமி கோயில் வாசலில் நிற்கும் பக்தரைவிடப் பூக்கட்டுகிற அம்மா நன்றாக அறிவார். அவருடைய பிழைப்பு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஆபீஸ் விஷயத்துக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதுகிறவரையோ, காரியம் முடிந்து படியிறங்கி வருகிறவரையோ கேளுங்கள்.

இது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசோ அருளோ பெற்றுத் திரும்புகிற ஒருவன், எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லி அனுப்புவதுதான் அவற்றின் அமைப்பு. வழி சொல்பவன் அந்த வழியில் போய்வந்தவன். அவன் சொல்லுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

3. உறவு சொல்லிக் கூப்பிடுங்கள்

"ஹலோ", "எக்ஸ்கியூஸ் மீ" இரண்டும் இங்கே எடுபடாது. நடுவயதுக்காரரை அண்ணாச்சி என்றும், பெரியவரைப் பாட்டா என்றும், பெண்களை அக்கா, அம்மா என்றும் கூப்பிடுங்கள். அவர்கள் உங்களை மக்களே என்று கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. கணக்குப் பார்க்கும்போதும், எண்ணெயில் வடை கிடக்கும்போதும், போனில் பேசும்போதும் குறுக்கே கேட்க வேண்டாம். அரை நிமிடம் பொறுத்தால், அவர்களே நிமிர்ந்து "என்ன வேணும்?" என்பார்கள்.

4. "ஆமா" என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம்

"இது பூதப்பாண்டி வண்டிதானே?" என்று கேட்டால், பாதி காதில் விழுந்தவர்கூட "ஆமா, ஆமா" என்றுவிடுவார். உங்களை ஏமாற்ற அல்ல. வெளியூர் ஆளை இல்லை என்று சொல்லி அனுப்ப மனம் வராது. "இந்த வண்டி எங்க போவுது?" என்று கேளுங்கள். பதிலில் பூதப்பாண்டி என்ற பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும்.

5. எதிர்க்கேள்விக்கு முகம் சுளிக்காதீர்கள்

"எங்கருந்து வாறீங்க? யாரைப் பாக்கணும்?" என்று கேட்பார்கள். துருவுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெயரில் பல பேர் இருக்கிற ஊரில், வீட்டுக்காரரின் வேலையோ கடையோ தெரிந்தால்தான் சரியான வாசலைக் காட்ட முடியும். ஊரையும் காரியத்தையும் சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லையென்றால் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம்.

6. திசையையும் தூரத்தையும் உடைத்துக் கேளுங்கள்

இங்கே பெரியவர்கள் இடது வலது சொல்வது குறைவு. "தெக்க போயி, முக்குல கெழக்க திரும்பி, ரெண்டாவது முடுக்கு" என்பார்கள். முக்கு என்றால் தெருமுனை, முடுக்கு என்றால் சந்து, விலக்கு என்றால் பெரிய ரோட்டிலிருந்து பிரிகிற இடம். பூதப்பாண்டிக்கு நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள் வடக்கே பார்த்து வந்திருக்கிறார்கள். அதை வைத்து மற்றத் திசைகளைப் பிடித்துக்கொள்ளலாம். அப்படியும் புரியாவிட்டால், "கையக் காட்டிச் சொல்லுங்க பாட்டா" என்றால் போதும்.

"இந்தா இருக்கு" என்பது தூரமல்ல, ஆறுதல். பைக்கில் போகிறவருக்குப் பக்கமாக இருப்பது, குழந்தையை இடுப்பில் வைத்து நடப்பவருக்குப் பக்கமல்ல. "நடந்தா எத்தனை நிமிஷம் ஆகும்? வழியில என்ன அடையாளம்?" என்று இரண்டையும் கேளுங்கள்.

7. திருப்பிச் சொல்லுங்கள், இன்னொரு வாயிலும் கேளுங்கள்

கேட்டதை அவரிடமே ஒருமுறை ஒப்பியுங்கள்: "முக்குல கெழக்க, ரெண்டாவது முடுக்கு, அப்படித்தான?" விட்டுப்போனது அப்போதுதான் அவருக்கு நினைவு வரும். பிறகு பாதி வழியில் இன்னொருவரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நடையைக் கட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளிடம் கேட்பதில் வெட்கமில்லை.

8. விவரம் வேறு, ஆவணம் வேறு

வழியும் நேரமும் யாரிடமும் கேட்கலாம். அசல் பத்திரம், ஏடிஎம் கார்டு, போனில் வரும் ஓடிபி எண் ஆகியவற்றை எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாது. "நானே முடிச்சுத் தாறேன்" என்று ஒருவர் தாமாக வந்து ஃபைலை வாங்கினால், சிரித்த முகத்தோடு திருப்பி வாங்கிக்கொண்டு, ஆபீஸுக்குள் இருக்கிறவரிடமே கேளுங்கள்.

9. முடிந்ததைச் சொல்லிவிட்டுப் போங்கள்

திரும்பும் வழியில், விவரம் கேட்ட கடையைத் தாண்டினால், "காரியம் முடிஞ்சுது அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியவில்லை என்றாலும் சொல்லுங்கள். ஆபீஸர் இன்று இல்லை, இந்தக் காகிதம் போதாது என்பதெல்லாம் அடுத்து வருகிறவருக்கு அவர் சொல்லப்போகிற விவரம்.

அந்தப் பையன் நாலு மணி வாக்கில் வெளியே வந்தான். டீக்கடை அண்ணாச்சி, "என்ன மக்களே, நடந்துதா?" என்றார். தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். ஸ்டாப்பில் ஒரு பெண் மஞ்சப்பையோடு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் யாரிடமும் கேட்பதற்கு முன்னாலேயே அவன் கேட்டான்: "தாலுகா ஆபீஸுக்கா அக்கா? என்ன காரியமா வந்தீங்க?"