கண் மங்கினால் படிப்பு வராதா?

உங்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா? ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருக்கிறதா? அரிசியில் கல் பொறுக்கும்போது கண் தடுமாறுகிறதா? புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறதா?

அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்காகத்தான்.

எழுத்தறிவு வகுப்புக்கு வரும் பெரியவர்களில் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கேட்டால், "இந்த வயதில் எனக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள். அவர்களே கரும்பலகையில் எழுதியதைச் சரியாகப் படிப்பார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுவார்கள். அவர்களுக்குக் குறை புத்தியில் இல்லை. கண்ணில் இருக்கிறது.

வெள்ளெழுத்து

நம் கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியை அது வளைக்கிறது. கண்ணின் பின்பக்கம் விழித்திரை என்ற மெல்லிய திரை இருக்கிறது. ஒளி அந்தத் திரையில் ஒரே புள்ளியில் சேர்ந்தால் தெளிவாகத் தெரியும். சேராவிட்டால் மங்கலாகத் தெரியும்.

வயது ஆக ஆக இந்த வில்லை இறுகுகிறது. கிட்டே உள்ளதைப் பார்க்க வளைந்து கொடுப்பதில்லை. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். சாளேசுவரம் என்றும் சொல்வார்கள். தலை நரைப்பது போல இதுவும் வயதானால் வருவதுதான். தகுந்த கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

ஆனால் உலகில் 82 கோடிக்கும் அதிகமானவர்கள் வெள்ளெழுத்துக்குத் தீர்வு கிடைக்காமல் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைச் சொன்னது.

சிலருக்கு வேறு குறையும் இருக்கும். தூரத்தில் உள்ளது தெரியாது. அல்லது இரண்டு கண்ணிலும் குறை வெவ்வேறு அளவில் இருக்கும். ஆகவே கண்ணை அளந்துதான் கண்ணாடி போட வேண்டும். அளக்கும் கருவியோ விலை அதிகம். அதை மேசை மேல் வைக்க வேண்டும். இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். கிராமத்துக்கு அது எப்படி வரும்?

மாணவர்கள் செய்த கருவி

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சிக் குழு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. குழுவின் தலைவர் ரமேஷ் ராஸ்கர். அவர் நம் நாட்டின் நாசிக் நகரைச் சேர்ந்தவர். விட்டோர் பாம்ப்ளோனா என்ற ஆராய்ச்சி மாணவர் பிரேசில் நாட்டிலிருந்து வந்து அவருடன் வேலை செய்தார். 2010-ல் இந்தக் குழு ஒரு புதிய கருவியை உலகுக்குக் காட்டியது. அதற்கு நேத்ரா என்று பெயர் வைத்தார்கள். நேத்திரம் என்றால் கண் அல்லவா?

பெரிய கருவி கண்ணுக்குள் ஒளியை அனுப்பும். திரும்பி வரும் ஒளியை அளக்கும். மாணவர்கள் இந்த முறையைத் திருப்பிப் போட்டார்கள். கருவி கண்ணைப் பார்க்க வேண்டாம். கண் கருவியைப் பார்க்கட்டும் என்றார்கள்.

அது வேலை செய்யும் விதம் இதுதான்:

1. செல்போன் திரையின் மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைப் பொருத்துவார்கள். அதில் மிகச் சிறிய வில்லைகள் இருக்கும்.

2. அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் தெரியும்.

3. குறை இல்லாத கண்ணுக்கு இரண்டு கோடும் சேர்ந்து தெரியும். குறை உள்ள கண்ணுக்கு விலகித் தெரியும்.

4. செல்போன் பொத்தானை அழுத்தினால் கோடுகள் நகரும். இரண்டும் ஒன்று சேரும்வரை அழுத்த வேண்டும்.

5. கோட்டை எவ்வளவு நகர்த்தினோமோ அதை வைத்துக் குறையின் அளவைச் செல்போன் கணக்கிட்டுச் சொல்லும்.

கோடுகளைச் சாய்த்துச் சாய்த்து ஒரு கண்ணுக்கு எட்டு முறை பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. செல்போன் நீங்கலாக அந்தத் துண்டைச் செய்யச் சுமார் 2 டாலர் செலவு. அன்றைய கணக்கில் அது 100 ரூபாய்க்கும் குறைவு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரிய வேண்டாம். கோடு சேர்ந்ததா என்று பார்த்தால் போதும்.

இந்தக் கருவியால் எல்லாம் முடியுமா? முடியாது. அது கண்ணாடியின் அளவை மட்டுமே சொல்லும். கண்ணில் நீர் அழுத்தம் கூடியிருந்தால் சொல்லாது. சர்க்கரை நோயால் கண் கெட்டிருந்தால் சொல்லாது. அதற்கு டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடியால் கூடிய கூலி

அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-ல் வெளிவந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். பறித்த எடைக்குத் தகுந்த கூலி கிடைக்கும் வேலையில் இது சின்ன விஷயமா?

நாம் என்ன செய்யலாம்?

இந்தப் புத்தகத்தை ஒரு முழ தூரத்தில் பிடியுங்கள். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து மங்கினால் அரசு மருத்துவமனைக்கோ கண் முகாமுக்கோ போங்கள். "எனக்கு எழுத்து தெரியாதே, அங்கே எப்படிப் படிப்பேன்?" என்று கூச்சப்பட வேண்டாம். எழுத்து தெரியாதவர்களுக்கு வேறு அட்டை உண்டு. அதில் உள்ள குறி மேலே, கீழே, வலமா, இடமா என்று கையைக் காட்டினால் போதும்.

அக்கம்பக்கத்தில் யாராவது படிப்பை விட்டுவிட்டார்களா? அவர்களையும் கூட அழைத்துப் போங்கள். பிறகு வகுப்புக்கும் அழைத்து வாருங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. வெள்ளெழுத்து ஏன் வருகிறது?
2. நேத்ரா கருவியில் எந்த நிறக் கோடுகள் தெரியும்?
3. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியவை எவை?

ஆ. சரியா, தவறா?
1. வெள்ளெழுத்து வந்தால் இனி படிக்கவே முடியாது.
2. எழுத்து தெரியாதவரும் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இ. கலந்து பேசுங்கள்.
உங்கள் ஊரில் கண்ணாடி தேவைப்பட்டும் போடாதவர்கள் யார் யார்? என்ன தடை? கூச்சமா, பணமா, தூரமா?