காலை எடுத்த பிறகும் சீறும் கார்

மாணவர்களே, ஒரு கேள்வி. ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் மிதி தானாக மேலே எழும்புகிறது. அதை எழுப்புவது எது?

கால் அழுத்த மட்டுமே செய்கிறது. தூக்கிவிடுவது எஞ்சினை ஒட்டி இருக்கும் ஒரு சுருள்வில். அந்த வில்லின் விசை போதாமல் போகும்போதுதான் மிதி சிக்கிக்கொள்கிறது. கார் வேகம் குறையாமல் ஓடுகிறது.

1985இல் விற்பனைக்கு வந்த முதல் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்வோம். அதன் மிதி ஒரு நெம்புகோல். மிதியின் மேல்முனையில் மாட்டிய எஃகுக் கேபிள், ஓர் உறைக்குள் வளைந்து சென்று, கார்புரேட்டரில் உள்ள வட்டத் தகட்டைத் திருப்புகிறது. தகடு திறந்தால் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும். மூடினால் எஞ்சின் அடங்கும். மிதியை அழுத்தும்போது வில்லுக்கும் சேர்த்தே ஆற்றல் கொடுக்கிறீர்கள். காலை எடுத்ததும் அந்தச் சேமிப்புதான் தகடு, கேபிள், மிதி மூன்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வழிமறிப்பது உராய்வு.

கேபிள் நேராக இருந்தால் உராய்வு சொற்பம். வளைந்தால்தான் வம்பு. வில் 10 நியூட்டன் விசையுடன் இழுப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். கேபிளின் வளைவுகளைக் கூட்டினால் 180 பாகை, உராய்வுக் குணகம் 0.2 என்றால், மிதி இருக்கும் முனைக்கு வந்துசேர்வது 5.3 நியூட்டன்தான். கம்பி துருப்பிடித்துக் குணகம் 0.4 ஆகிவிட்டால் வெறும் 2.8 நியூட்டன். கூடுதல் கணிதம் படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: குணகம் இரட்டிப்பானால், மிஞ்சும் பங்கு பாதியாவதில்லை, வர்க்கமாகிறது. 0.53 × 0.53 = 0.28. இதோடு கம்பியின் ஓர் இழை அறுந்து உறையில் குத்தி நின்றால் மிதி எழும்பாது.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தரைவிரிப்பைப் பாருங்கள். நகர்ந்து மிதியின் அடியில் மாட்டிக்கொண்ட விரிப்புக்காகக் கேபிளை மாற்றிய கதைகள் பட்டறைகளில் உண்டு. விரிப்பு சரியாக இருந்தால், எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கார்புரேட்டர் பக்கம் கேபிளைக் கழற்ற வேண்டும். (இதைப் பெரியவர் ஒருவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.) தகட்டின் கையை விரலால் திருப்பி விடுங்கள். 'டக்'கென்று திரும்பினால் தகடும் வில்லும் நன்றாக இருக்கின்றன. அடுத்து மிதியின் பக்கமும் கேபிளைக் கழற்றி, கம்பியை உறைக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அது தடையின்றி ஓடினால், மிச்சம் இருப்பது மிதியின் அச்சாணி மட்டுமே.

தகட்டில் கரி படிந்திருந்தால் அதற்குரிய துப்புரவுத் திரவமும் துணியும் போதும். கத்தியால் சுரண்டக் கூடாது. அச்சாணி இறுகியிருந்தால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் பூசலாம். இழை அறுந்த கேபிளுக்கு எண்ணெய் மருந்தாகாது, புதிதாக மாற்றியே ஆகவேண்டும். சிலர் கேபிளை விட்டுவிட்டு வலுவான வில்லை மாட்டிவிடுவார்கள். மிதி கனக்கும், கேபிள் இன்னும் வேகமாகத் தேயும், கோளாறு மறைந்திருக்கும். இது வைத்தியமே அல்ல.

புதிய கார்களில் இந்தக் கேபிள் இல்லை; மிதி மின்சமிக்ஞைதான் அனுப்புகிறது. ஆனால், காலுக்குப் பழைய உணர்வு கிடைக்க வேண்டும் என்று மிதிக்குள் வேண்டுமென்றே உராய்வைச் சேர்க்கிறார்கள்! 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 2.3 மில்லியன் கார்களைத் திரும்பப் பெற்றதற்கு அந்த உராய்வுப் பகுதிதான் காரணம். அது தேய்ந்து, ஈரம் படிந்ததால் சில மிதிகள் மெதுவாகத் திரும்பின, அல்லது அப்படியே நின்றன. ஒரு சிறிய எஃகுத் துண்டைச் செருகி அதைச் சரிசெய்தார்கள்.

17 வயதில் கார் உரிமம் எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஓடும்போது மிதி சிக்கினால் பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு அழுத்தாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து வருகிறது. தகடு அகலத் திறந்திருக்கும்போது அங்கே வெற்றிடம் அநேகமாக இருக்காது; சேமித்து வைத்தது சில அழுத்தல்களிலேயே தீர்ந்துவிடும். பிறகு கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் அலறும்; அலறட்டும். சாலையோரம் நின்ற பிறகே சாவியைத் திருப்பி அணையுங்கள். ஓடும்போதே சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.