மாலை மன்றங்கள்: மூன்று நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளி விட்டதும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவதா, பள்ளியில் மாலையில் கூடும் மன்றத்தில் சேர்ப்பதா என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் டியூஷன்தான் ஜெயிக்கும். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் சரியல்ல. மன்றங்களைப் புகழ்பவர்கள் சொல்வதும் முழுக்கச் சரியல்ல.

நம்பிக்கை 1: மாலையிலும் ஆட்டம், பாட்டு என்றிருந்தால் படிப்பு ஏறாது.

உண்மை: 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கதையும் பாட்டும் விளையாட்டும்தான் வழி. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறே மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை மையங்களின் வேலை.

நம்பிக்கை 2: ஏதாவது ஒரு மன்றத்தில் சேர்த்துவிட்டால் போதும்.

உண்மை: ஆய்வாளர்கள் ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் குழுவினர் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டங்கள் பற்றிய 68 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டனர். பயிற்சி படிப்படியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க வேண்டும். அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்த இடங்களில் நடத்தையும் மதிப்பெண்ணும் மேம்பட்டன. இல்லாத இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. ஆண்டு விழா நெருங்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் மன்றம் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

நம்பிக்கை 3: மன்றமெல்லாம் முதல் ரேங்க் பிள்ளைகளுக்கு.

உண்மை: 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுள்ள எவரும் பங்கேற்கலாம்; பள்ளிக்குப் போகாத பிள்ளையும்கூட. ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து விளக்க வேண்டும். மன்றத்திலும் இதைச் செய்யலாம்: தெருக்குழாயில் ஒழுகும் தண்ணீரை அளக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வீண் என்று கண்டுபிடிக்கும்போது, வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறும் பிள்ளைக்கும் பெருக்கல் எதற்கு என்று புரிந்துவிடும்.

ஆகவே சேர்க்குமுன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மன்றம் வாரத்தில் எத்தனை நாள் கூடுகிறது? போன வாரம் பிள்ளைகள் தங்கள் கையால் என்ன செய்தார்கள்? இரண்டாவதற்குப் பதில் வராத மன்றம் நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருக்கிறது.