பங்குனிப் பருவ ஆலோசனை: வண்டி பெயிண்டில் ஒட்டியதைக் கீறாமல் எடுப்பது

பங்குனி பிறந்துவிட்டது. மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு நிற்கிறது. வேம்பு துளிர்க்கிறது. மழையில் பெயர்ந்த சாலைகளுக்கு இப்போதுதான் தார் போடுகிறார்கள். வெயில் ஏற ஏற எல்லோரும் மரத்தடி பார்த்து வண்டியை நிறுத்துகிறோம். இன்றிலிருந்து கத்திரி முடியும்வரை பறவை எச்சம், மரப்பிசின், மாமரத்துப் பூச்சி சொட்டும் பிசுக்கு, தார்ப்புள்ளி, போர் தண்ணீரின் உப்புக்கறை என ஏதாவது ஒன்று பெயிண்டில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் எடுக்க வழி உண்டு.

சென்ற கோடையில் பெயிண்ட் கெட்டு எங்கள் பணிமனைக்கு வந்த வண்டிகளில், எச்சமும் தாரும் கெடுத்தவை கொஞ்சம்தான். அவற்றை எடுக்கப்போய்த் தேய்த்துக் கெடுத்தவையே மிகுதி. கறுப்பு நிறக் கார் ஒன்று. பானெட்டில் நாலைந்து தார்ப்புள்ளிகள் இருந்திருக்கின்றன. வண்டிக்காரர் பாத்திரம் துலக்கும் பச்சை ஸ்க்ரப்பரை எடுத்துத் தேய்த்துவிட்டார். தார் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பும் போய்விட்டது. பாலிஷில் சரியாகவில்லை. பானெட் முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கால் மணி நேரம் ஊறவைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நனையாத வண்டியில் துணி படக்கூடாது.

காரணம் எளிது. நம் ஊர்த் தெருப்புழுதியில் பெரும்பங்கு மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ். அது கண்ணாடியையே கீறும். எம்-சாண்ட் லாரிகள் ஓடும் சாலை, கட்டட வேலை நடக்கும் தெரு என்றால் அந்தத் துகள் இன்னும் கூர்மையானது. வண்டியில் நிறத்துக்கு மேலே ‘க்ளியர் கோட்’ என்று நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பெல்லாம் அதனுடையது. அதன் கனம் பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான் அளவுதான். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். புழுதி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கும்போது துணி உப்புத்தாளாகிவிடுகிறது. ஒரு நாளில் தெரியாது. ஒரு மாதம் கழித்து வெயிலில் நிறுத்திப் பாருங்கள், பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் மின்னும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது தினமும் நடக்கிறது. விடிகாலையில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியுமாக வருகிறார். அந்த ஒரு வாளியில் ஒரு வரிசைக் கார்களையே முடிக்கிறார். முதல் காரின் மண் இரண்டாவது காருக்குப் போகிறது. கடைசிக் காரைத் துடைப்பது கலங்கல் தண்ணீர். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குத் தண்ணீரும் துணியும் கொடுக்காமல், ‘தினமும் துடைத்தாயா?’ என்று மட்டும் கேட்கும் நம்மேல்தான் குற்றம். தினமும் துடைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு முறை நன்றாகக் கழுவினால் போதும். நடுவில் புழுதி கண்ணுக்குத் தெரிந்தால் தெரியட்டும், அது கெடுதல் செய்யாது. சிறகுத் துடைப்பம், மஞ்சள் துணி, சட்டைக் கை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இனி வழக்கமான கழுவல். இது பலருக்குத் தெரிந்ததே. வெயில் ஏறுமுன் அல்லது பொழுது சாய்ந்தபின், நிழலில் கழுவுங்கள். பானெட்டில் புறங்கையை வையுங்கள், சுட்டால் ஆறவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழாக. ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் துணியை அலச நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் துணி அல்லது கையுறை. கூரை முதலில், கதவின் கீழ்ப்பகுதியும் சக்கரமும் கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி. அழுத்தாதீர்கள். அலசி, வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். துவைத்து, மறுமுறைக்கு வையுங்கள்.

கழுவிய பிறகும் ஒட்டியிருப்பதற்குத்தான் தனிக் கவனம் வேண்டும்.

பறவை எச்சத்தை அன்றே எடுங்கள். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அதோடு பகல் வெயிலில் பெயிண்ட் பூச்சு சூடேறி விரிந்து இளகுகிறது, எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும் பூச்சு, எச்சத்தின் அடிப்புறம் எப்படியோ அப்படியே அச்சாகப் பதிந்துவிடுகிறது. அந்த மங்கலான தடம் கழுவினால் போகாது. எச்சத்துக்குள் பழவிதையும் மண்ணும் இருக்கும். புறாக்கள் செரிமானத்துக்காகச் சிறு கற்களையே கொத்தி விழுங்குகின்றன. அதனால்தான் எச்சத்தைச் சுரண்டுவதும் தேய்ப்பதும் கூடாது என்கிறேன். காகிதக் கைக்குட்டையோ பழைய துணியோ எடுத்து, சொட்டச் சொட்ட நனைத்து, எச்சத்தின்மேல் போர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்தால் மறுபடி நனையுங்கள். பிறகு அப்படியே மேலாகத் தூக்குங்கள். பாதிதான் வந்ததா? இன்னொரு பத்து நிமிடம். காரில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும், அலுவலக வாசலிலேயே எடுத்துவிடலாம். நகத்தால் சுரண்ட வேண்டாம். ஏடிஎம் அட்டையால் சுரண்ட வேண்டாம். பிளேடு எடுப்பவர்களைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மாமரத்தடியில் நிறுத்துவோர் கவனத்துக்கு: வண்டியில் சொட்டியிருக்கும் பிசுபிசுப்பு பெரும்பாலும் மரத்துடையதாக இருக்காது, பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் அது. புதிதாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்புவுமே போதும். விட்டுவைத்தால் அதன்மேல் புழுதி சேரும், கரும்பூசணம் படரும், எடுப்பது பாடாகிவிடும். இறுகிய மரப்பிசின் அப்படிக் கரையாது. பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்து (வீட்டில் மிஞ்சிய சாராய வகை சானிடைசரும் உதவும்) பிசின்மேல் அரை நிமிடம் வைத்து, இளகியதும் துடைத்து, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இப்படி எந்த மருந்தைப் பயன்படுத்துவதானாலும் கதவைத் திறந்து உட்புற விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். மறுபெயிண்ட் அடித்த வண்டிக்கு இது கட்டாயம்.

தாருக்குத் தண்ணீர் உதவாது, எண்ணெய்தான் கரைக்கும். கடையில் தார் நீக்கி கிடைக்கிறது. இல்லையென்றால் மினரல் டர்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ துணியில் நனைத்து, புள்ளியின்மேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். தார் பழுப்பாக வழியத் தொடங்கும். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஒற்றுங்கள். ரப்பரிலும் பிளாஸ்டிக் பட்டையிலும் பட வேண்டாம். முடிந்ததும் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பற்றும். பெயிண்ட் கடைத் தின்னர் வேண்டவே வேண்டாம். அது தாரோடு பெயிண்டையும் கரைக்கும். ஸ்டிக்கர் பசைக்கு ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டி மெல்ல உரியுங்கள். மிஞ்சும் பசை நீலகிரித் தைலத்தில் இளகும்.

உப்புக்கறைக்கு வருகிறேன். போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் தானாகக் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் மிஞ்சும். அது சுண்ணாம்புச் சத்து. வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து உடனே அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிய ஒரு வண்டியையும் சென்ற ஆண்டு பார்த்தேன். ‘டைல்ஸில் போகிறதே’ என்றார் வண்டிக்காரர். டைல்ஸ் சூளையில் சுட்டது, பெயிண்ட் அப்படியில்லை. இந்தக் கறை வராமலிருக்க வழி ஒன்றுதான்: கழுவியதும் துடையுங்கள், ஈரமாக இருக்கும்போதே.

ஈரமாக இருக்கும்போதே என்று திரும்பவும் அடிக்கோடிடுகிறேன். நனையாத வண்டியில் துணி படக்கூடாது. கறை எடுத்த இடம் காய்ந்துவிட்டது, ‘கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதே’ என்று வேட்டி நுனியால் ஒரு தேய் தேய்க்கிறீர்கள் பாருங்கள், கீறல் அங்கேதான் விழுகிறது. நாலு இடத்தில் பொறுமையாக ஊறவைத்தவர் ஐந்தாவது இடத்தில் அவசரப்படுகிறார். ஏன் இந்த அவசரம்?

பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டி, சாம்பல், தேங்காய் நார், கம்பி நார், பற்பசை எதுவும் வண்டியருகே வரக்கூடாது. சோப்புக் கட்டியிலும் பற்பசையிலும் தேய்ப்பதற்கென்றே நுண்துகள் சேர்த்திருக்கிறார்கள். பித்தளைக்கும் பல்லுக்கும் அது சரி.

எல்லாம் முடிந்த பிறகு கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். ரயில் நிலைய நிறுத்தங்களில் நாள்தோறும் விடப்படும் வெள்ளை வண்டிகளில் இரும்புத் தூள் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். இதற்கு வண்டிக்கென்றே விற்கும் ‘க்ளே பார்’ இருக்கிறது; பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணை எடுத்துவிடாதீர்கள். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டு போகும்படி லேசாக ஓட்டுங்கள். ஒரு சிறு பகுதி முடிந்ததும் மடித்துப் புதுப்பக்கம் திருப்புங்கள். கீழே விழுந்தால் தூக்கி எறியுங்கள். விலை கொடுத்து வாங்கியது என்று தட்டிவிட்டுத் தொடர்ந்தால் அதில் ஒட்டிய மணல் பானெட்டில் கோடு போடும். வேலை முடிந்ததும் வேக்ஸ் பூசுங்கள். அடுத்த எச்சம் அதன்மேல் விழும், எடுப்பது எளிது.

மேட் பெயிண்ட் பைக் வைத்திருப்போருக்கு க்ளே பாரும் இல்லை, பாலிஷும் இல்லை, சாதாரண வேக்ஸும் இல்லை. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதை மறுபடி மங்கலாக்க முடியாது. ஊறவைப்பது, ஒற்றுவது, அலசுவது, அவ்வளவுதான்.

சித்திரையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். அதற்காகக் காய்ந்த துணிக்குத் திரும்ப வேண்டாம். புதுக் கைத்தெளிப்பான் ஒன்று வாங்குங்கள் (பூச்சிமருந்து அடித்தது கூடாது). ஷாம்பு தண்ணீரைத் தெளித்து ஐந்து நிமிடம் விட்டு, நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகளை மாற்றி மாற்றி ஒரே திசையில் இழுத்தால் பத்து லிட்டரில் ஒரு கார் முடியும். புழுதி தடிமனாகப் படிந்திருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். புழுதி படிந்த வண்டிக்கு உறை போடவும் வேண்டாம், காற்றில் உறை ஆடி ஆடி அரைக்கும்.

இவ்வளவும் செய்து ஒரு தடம் மிஞ்சினால் அது பெயிண்டின்மேல் இல்லை, பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. அங்கே கையை நிறுத்துங்கள். பாலிஷ் போடும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். மெஷினை எடுக்குமுன் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்து அந்த இடத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் தேய்க்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.