டிசம்பரில் அறுகம்பே வேண்டாம்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் சர்ஃபிங் பழக இலங்கையின் அறுகம்பேக்குப் போக நினைக்கிறோம். இருவருக்குமே இது புதிது. சரிவருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இடம் அருமை, மாதம்தான் ஒத்துவராது. அங்கே பருவம் ஏறக்குறைய ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை. தென் துருவத்தை ஒட்டிய பெருங்கடலில் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, அறுகம்பே இருக்கும் பொத்துவில் பக்கம் வந்து சேரும் காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்றும் அப்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். எதிர்க்காற்று தாங்குவதால் அலை சட்டென்று சரியாமல் நிமிர்ந்து, ஓரத்திலிருந்து வரிசையாக உடையும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று அலையைக் கலைத்துவிடும்; மழையும் பிடித்துக்கொள்ளும்.

பேசாமல் வெலிகமவுக்குப் போங்கள். தெற்கு, தென்மேற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வளைந்த குடா, அடியில் மணல், பயமின்றி விழலாம். (அறுகம்பேயின் மெயின் பாயின்டில் அடியில் பாறை; புதியவர்களை அங்கே அனுப்பவே மாட்டேன்.) விடிந்ததும் இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் கடற்காற்று நீரைக் குலைத்துவிடும். எட்டு, ஒன்பது அடி நீள மெத்தென்ற பலகையே வாடகைக்குக் கேளுங்கள். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை கட்டாயம்: பலகையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவும்போது வயிறும் விலாவும் உராய்ந்து தோல் வழன்றுவிடும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோர ரயிலே வெலிகம போகிறது. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்.