பூனைத் தீனி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூர் பக்கம், நெல்லையும் வேர்க்கடலையையும் எலியிடமிருந்து காக்கவே பல வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். மிஞ்சிய சோறு, ஒரு கரண்டி பால், மீன் வாங்கிய அன்று தலையும் குடலும். இவ்வளவுதான் அதற்குத் தீனி. ‘இதைத் தின்றே கொழுகொழுவென்று இருக்கிறதே!’ என்பார்கள். அதைத் தேற்றியதில் பெரும்பங்கு அது தானே பிடித்துத் தின்ற எலிக்கு. வாசல் தாண்டாமல் வளரும் பூனைக்கு அந்த வழியில்லை. நாம் வைப்பதுதான் எல்லாம்.

நம்பிக்கை: பூனைக்குப் பால்தான் முக்கிய உணவு.

உண்மை: தாய்ப்பால் மறந்த பிறகு, பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். பிறகு பால் குடித்தால் பேதியாகலாம். பூனைக்கு இனிப்பே தெரியாது. அந்தச் சுவைக்கான மரபணு செயலற்றுப்போனதை 2005இல் கண்டறிந்தார்கள். பாலின் கொழுப்புக்குத்தான் அது ஓடிவருகிறது. தாகத்துக்குத் தண்ணீர் வையுங்கள். தாயில்லாக் குட்டிக்கும் மாட்டுப்பால் போதாது. அதற்கென்று விற்கும் பால்மாவு வேண்டும்.

நம்பிக்கை: தயிர்சோறு போட்டுச் சைவமாகவே வளர்க்கலாம்.

உண்மை: வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரிப்பதில்லை. அரிசியிலும் பருப்பிலும் அது இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெடுவதை 1975இல் காட்டினார்கள். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயத் தசை தளர்வதற்கும் அதே குறைதான் காரணம் என்றார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அந்தப் பூனைகள் தின்றது கடைத் தீனி! அதன்பிறகே தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இதயத்திலும் கால்கறியிலும் டாரின் நிறைய உண்டு. அது தண்ணீரில் கரையும் என்பதால், கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். ஆனாலும் கறி மட்டுமே முழு உணவாகாது. எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பூனைகளுக்கான ‘முழுமையான உணவு’ என்று அச்சிட்ட தீனியை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. நாய்த் தீனி அதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: ஏரி மீனைப் பச்சையாகப் போட்டால் பலம்.

உண்மை: கெண்டை இனத்து மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், தலை தொங்கும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். வெந்த மீனில் முள்ளெடுக்க மறக்காதீர்கள்.

நம்பிக்கை: ஈரல் தினமும் கொடுக்கலாம், குழம்புச் சோறும் கெடுதலில்லை.

உண்மை: தினமும் ஈரல் தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் இறுகிவிடும். எப்போதாவது ஒரு துண்டு போதும். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும்.

நம்பிக்கை: பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்.

உண்மை: வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அது பிறவிக் குணம். பட்டினிதான் ஆபத்து. சில நாள் தின்னாவிட்டால், அதுவும் கொழுத்த பூனையென்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே உலை வைக்கும். பூனை ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லையென்றால், ‘பசித்தால் தானே தின்னும்’ என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.